இரும்பும் மரமும் (14): படைக் கிடங்கிலிருந்து பட்டறைக்கு

சென்ற இதழில், துப்பாக்கி வடிவமைப்பாளர் பால் மவுசரின் ‘மாடல் 98’ ரைஃபிளை ஜெர்மன் படை 1898 ஏப்ரல் 5 அன்று ஏற்றுக்கொண்டதோடு நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு, அட்லான்டிக் கடலைத் தாண்டி, ஸ்பெயினும் அமெரிக்காவும் மோதிய கியூபாவுக்குப் போவோம்.

சான்டியாகோ நகருக்கு வெளியே சான் ஹுவான் மேடு. மேலே ஸ்பானியப் படையினர் சில நூறு பேர். கீழே அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில். அன்றைக்கே மேடு அமெரிக்கர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தும் காயம்பட்டும் விழுந்திருந்தார்கள். ஸ்பானியர் கையில் இருந்தது மவுசரின் 1893 மாடல். ஐந்து தோட்டாக்களைக் கோத்த கிளிப்பை மேலே செருகிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஐந்தும் உள்ளே இறங்கிவிடும். அமெரிக்கர் வைத்திருந்த கிராக் துப்பாக்கியிலோ பக்கவாட்டுக் கதவைத் திறந்து உதிரித் தோட்டாக்களைப் போட வேண்டும். குண்டு பறக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம்.

அன்று அந்தச் சண்டையில் இருந்தவர்களில் ஒருவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1901-ல் அவர் ஜனாதிபதி ஆனார். 1903-ல் அமெரிக்கப் படைக்குப் புதிய ரைஃபிள் வந்தது. பெயர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் மவுசரின் மூளை. காப்புரிமைப் பேச்சு எழுந்து, அமெரிக்க அரசு மவுசர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் கட்டித் தீர்த்தது. எதிரியின் துப்பாக்கியைக் கண்டு மிரண்ட நாடு, அதையே காசு கொடுத்துத் தனதாக்கிக்கொண்டது.

ரூஸ்வெல்ட் அதோடு விடவில்லை. அரசு ஆயுதச்சாலையிலேயே தனக்கென்று ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை, படைக்கட்டைக்குப் பதிலாக வேட்டைக்கட்டை பூட்டிச் செய்யச் சொன்னார். 1909-ல் பதவி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்கா போனார். அடுத்த ஆண்டே அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். படைத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக் கட்டும் அமெரிக்கப் பழக்கத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்தின் கதை. அரசாங்கங்கள் கணக்குப் பார்க்காமல் செலவழித்துச் செய்த இரும்பு, போர் ஓய்ந்ததும் அடிமாட்டு விலைக்கு வந்தது. தச்சர்களும் கடைசல்காரர்களும் அதை எடுத்து, பணக்காரனும் ஆசைப்படும் பொருளாக்கினார்கள். இரும்பு மலிவாகக் கிடைத்த வரைக்கும்தான் அந்தக் கலை ஊருக்கு ஊர் தழைத்தது.

அந்த இரும்பில் என்ன இருக்கிறது?

ரைஃபிளைப் பிரித்துப் போட்டால் மூன்று பகுதிகள். குண்டு பாயும் குழல், தோளில் தாங்கும் கட்டை, இரண்டுக்கும் நடுவே ஆக்‌ஷன். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்பக்கத்தை அடைத்து, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே எறிகிற பொறி முழுவதும் ஆக்‌ஷனில்தான் இருக்கிறது. அதன் உயிர்நாடி போல்ட். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை முன்னால் தள்ளிக் கீழே மடக்குகிறோமே, அதே வேலைதான். ஆனால் இந்தத் தாழ்ப்பாள் தாங்க வேண்டிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 50,000 பவுண்டு.

மவுசர் அதை எப்படித் தாங்க வைத்தார்? போல்ட்டின் முன்தலையில் இரண்டு கனத்த காதுகள் வைத்தார். போல்ட்டைத் திருப்பியதும் அவை குழலை ஒட்டிய வளையத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒருவேளை அவை விட்டுக்கொடுத்தால் தாங்கப் பின்னால் மூன்றாவது காது ஒன்று. தோட்டாக் கூடு கிழிந்து வாயு பின்னால் சீறினால், சுடுகிறவன் முகத்துக்கு வராமல் திசை திருப்ப போல்ட்டில் துளைகள், பின்தலையில் அகன்ற விளிம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கவாட்டில் நீளமான கொக்கித் தகடு ஒன்று. தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டா மேலே எழும்பிய கணமே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்; வெளியே எறியும் வரை விடாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும். அகழியில் நிற்கும் சிப்பாய்க்காகச் செய்த ஏற்பாடு, பாய்ந்து வரும் காட்டெருமைக்கு எதிரே நிற்கும் வேட்டைக்காரனுக்கும் அச்சாகப் பொருந்தியது.

இன்னொரு சூட்சுமம் எஃகில் இருந்தது. முழுக்கக் கெட்டியான எஃகு நொறுங்கும்; முழுக்க மென்மையான எஃகு தேயும். மவுசர் ஆக்‌ஷனில் உள்ளுடம்பு மென்மையான, வளைந்துகொடுக்கும் எஃகு. மேல்தோலுக்கு மட்டும் கரி ஏற்றிச் சூடாக்கித் தோய்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். உலையில் அடித்த கட்டி எஃகைக் குடைந்து குடைந்து ஒரு ஆக்‌ஷனை எடுக்க எத்தனையோ எந்திரங்களில் ஏற்றி இறக்க வேண்டும். சாதாரண வேட்டைக்காரனுக்கு விற்கிற கம்பெனி அந்தச் செலவுக்குத் துணியாது. ஆயிரம் ஆயிரமாக வாங்கும் அரசு மட்டுமே துணியும்.

லண்டன் வழி, நியூயார்க் வழி

பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் புது ஆக்‌ஷனையே நேராக வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுசருக்கு லண்டனில் முகவராக இருந்த ஜான் ரிக்பி கம்பெனி, மவுசர் ஆலை இருந்த ஓபர்ன்டார்ஃபிலிருந்து ஆக்‌ஷன்களை வரவழைத்துத் தன் முத்திரையில் வேட்டைத் துப்பாக்கிகளைக் கட்டியது. அவற்றில் ஒன்றை நம் வாசகர்கள் அறிவார்கள். சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தந்தது .275 ரிக்பி. அது சுடும் தோட்டா, ஆங்கில அளவில் பெயர் சூட்டிக்கொண்ட 7 மில்லிமீட்டர் மவுசர். சான் ஹுவான் மேட்டில் அமெரிக்கர்களைச் சாய்த்த அதே தோட்டா. ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யானைகளை வீழ்த்தப் பெரிதும் நம்பியதும் இந்தச் சிறு தோட்டாவைத்தான்.

அமெரிக்கர்கள் வழி வேறு. அவர்களிடம் படைத் துப்பாக்கியே இருந்தது. அதைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். 1910 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் லூயி வுண்ட்ஹாமர் என்ற கைவினைஞர் எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட்டுக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் வேட்டைக்கட்டை பூட்டிக் கொடுத்தார். நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் என்ற மரச்சாமான் தச்சர், ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தானும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் வாங்கி அதற்கு வால்நட் கட்டை இழைத்தார். நண்பர்கள் பார்த்துவிட்டு எனக்கொன்று, உனக்கொன்று என்று கேட்கத் தொடங்கினார்கள்.

1923-ல் கர்னல் டவுன்சென்ட் வீலன் என்ற படை அதிகாரியின் ஊக்கத்தில் கிரிஃபினும் ஜேம்ஸ் ஹோவும் சேர்ந்தார்கள். ஹோ, ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையில் எந்திரப் பிரிவை நடத்தியவர். மரம் தெரிந்தவரும் இரும்பு தெரிந்தவரும் கூட்டுச் சேர்ந்த கடை அது. சில மாதங்களில் ஹோ விலகிவிட்டார். ஆனால் ‘கிரிஃபின் அண்ட் ஹோ’ என்ற பெயர் நின்றுவிட்டது. எர்னஸ்ட் ஹெமிங்வே 1933-ல் ஆப்பிரிக்கா போனபோது எடுத்துச் சென்றது அவர்கள் கட்டிய ஸ்பிரிங்ஃபீல்டைத்தான்.

கண் பார்த்த சூடு

படை இரும்பு எல்லாம் தங்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கிய சமயம், சில ஸ்பிரிங்ஃபீல்டுகள் சுடும்போது வளையம் நொறுங்கித் தெறித்தன. ஜூலியன் ஹாட்சர் என்ற ஆயுதத்துறை அதிகாரி பின்னாளில் அதை விவரமாக எழுதினார். ஆயுதச்சாலையில் எஃகைக் காய்ச்சி அடிக்கும் பழந்தொழிலாளர்கள், சூடு சரியா என்று பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். வெப்பமானி வைத்துச் சோதித்தபோது உண்மை தெரிந்தது. வெயில் அடிக்கும் நாளில், வெளிச்சத்தில் நிறம் மங்கித் தெரிந்ததால், மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாகக் காய்ச்சியிருக்கிறார்கள். எஃகு கருகிப்போயிருந்தது. பார்வைக்குத் தெரியாது, பலவீனமான ஒரு தோட்டாக் கூடு கிழிந்த அன்றுதான் தெரியும்.

அதன்பின் வெப்பமானி வந்தது, இரட்டைச் சூடேற்று முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் 8 லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ்ப்பட்ட எண் கொண்ட துப்பாக்கிகளை இன்றும் அனுபவப்பட்ட பட்டறைக்காரர் தொடுவதில்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்து வைத்ததும் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். கீழ்ப்பட்ட எண் என்றால் சுவரில் மாட்டி வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்.

முதல் உலகப் போரின் இன்னொரு மிச்சம் 1917 மாடல் என்ஃபீல்ட். மூன்று அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 20 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆக்‌ஷனின் பின்மேற்பகுதியான பின்பாலத்தில் பின்குறியைக் காக்க நின்ற இரு பெரிய காதுகளை அறுத்துத் தேய்த்தால்தான் அது வேட்டைத் துப்பாக்கியாகத் தோன்றும். ஆனால் உடம்பு நீளம், வலுவும் அதிகம்; .375 போன்ற பெரிய தோட்டாக்களுக்கு ஏற்றது. எடிஸ்டோன் ஆலையில் செய்தவற்றில் குழலை மிதமிஞ்சி முறுக்கியிருந்தார்கள். கழற்றும்போது வளையம் விரிசல் விட்டுவிடும். அதனால் பட்டறைக்காரர்கள் முதலில் கடைசலில் ஏற்றி, வளையத்துக்கு முன்னால் குழலில் ஒரு பள்ளம் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத்தான் திருகுவார்கள். ரெமிங்டன் கம்பெனி மீந்த பாகங்களை வைத்து 1921-ல் ‘மாடல் 30’ என்ற வேட்டைத் துப்பாக்கியையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெள்ளம்

1945-க்குப் பிறகு வந்ததுதான் பெருவெள்ளம். இரண்டாம் உலகப் போருக்காக ஜெர்மனி செய்த மவுசர் கே98கே மட்டும் ஒரு கோடிக்கு மேல். ஊர் திரும்பிய சிப்பாய்கள் போர் நினைவாகக் கொண்டுவந்தவை ஒரு பக்கம். தானியங்கித் துப்பாக்கிக்கு மாறிய நாடுகள் கழித்துக் கட்டியவை மறுபக்கம். சாமுவேல் கமிங்ஸ் என்ற வியாபாரி 1953-ல் தொடங்கிய கம்பெனி, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கிடங்கு கிடங்காகப் பழைய படைத் துப்பாக்கிகளை இறக்கியது. அமெரிக்க அரசும் சும்மா இருக்கவில்லை. குடிமக்களுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தின் கீழ், தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் 1903ஏ3-ஐ 20 டாலருக்குள் அனுப்பிவைத்தது.

துப்பாக்கி தபாலில் வந்தது. அதற்குக் கட்டையும் தபாலில் வந்தது. மிசௌரி மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூரில் பிஷப், ஃபேஜன் என்ற இரு கம்பெனிகள் பாதி குடைந்து முடித்த வால்நட் கட்டைகளை விற்றன. மீதியை வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் உளியும் உப்புத்தாளும் வைத்து முடித்துக்கொள்ளலாம். போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்ற காலம் அது. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கி வேலைக்கே பாடப்பிரிவு தொடங்கினார்கள். அங்கே கற்பித்த பி.ஓ. ஆக்லி, எந்த நாட்டு ஆக்‌ஷன் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, மருந்தை ஏற்றிக்கொண்டே போய் வேண்டுமென்றே வெடிக்க வைத்தவர். தோற்றத்தைப் பார்த்து எல்லாரும் மட்டம் தட்டிய ஜப்பானிய அரிசாகா, அந்தச் சோதனையில் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது.

பட்டறை மேசையில் ஒரு அர்ஜென்டினா மவுசர்

கட்டுகிறவர்கள் மிகவும் விரும்பியவற்றுள் ஒன்று, அர்ஜென்டினாவுக்காக பெர்லினில் செய்த 1909 மாடல். அதை வேட்டைத் துப்பாக்கி ஆக்குவது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

முதலில் குழலைக் கழற்றி ஆக்‌ஷனைத் தனியாக எடுப்பார்கள். பின்பாலத்தில் கிளிப் செருகும் மேட்டை அராவிச் சமன் செய்து, தொலைநோக்கி மாட்ட மரைத்துளை இடுவார்கள். மேல்தோல் கெட்டி என்பதால் சாதாரணத் துளையூசி வழுக்கி ஓடும். தொலைநோக்கி வந்ததும் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். போல்ட்டின் நேர்க்கைப்பிடியைத் தூக்கினால் தொலைநோக்கியில் இடிக்கும். பின்னால் மேலே புரளும் பாதுகாப்புச் சிறகும் தடுக்கும். சிறகை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நகரும் விசை வைப்பார்கள். கைப்பிடியை அறுத்து, சாய்த்து, புதிதாகப் பற்றவைப்பார்கள்.

ஆபத்து இங்கேதான். பற்றவைக்கும் சூடு போல்ட்டின் தலைக்கு ஓடினால் காதுகளின் கெட்டித்தோல் இளகிவிடும். பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் அவை மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். அதனால் சூட்டை உறிஞ்சக் கனத்த உலோகத் துண்டை உள்ளே திருகிவைத்து, ஈரத்துணி சுற்றி, சட்டென்று வேலையை முடிப்பார்கள். புதுக் குழல் பூட்டியபின் அளவுத்தோட்டா இரண்டை வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும். சற்றே நீளமான மற்றொன்றின் மேல் மூடவே கூடாது. இதில் தேறாததைக் கட்டையில் ஏற்ற மாட்டார்கள்.

மரவேலை தொடங்குவது அதன்பின். ஆக்‌ஷனின் அடியில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, குடைந்த மரத்தில் வைத்து மெல்லத் தட்டி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் மட்டும் இரும்பு மரத்தைத் தொடுகிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி தட்டு, மறுபடி சீவல். எங்கும் ஒரே சீராகக் கரி ஒட்டும் வரை இப்படியே நாட்கணக்கில் போகும். முடிந்தபின் பார்த்தால் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. கைபிடிக்கும் இடத்தில் அங்குலத்துக்கு 20, 24 கோடுகள் என்று வைரக்கட்டம் கீறுவது கடைசி வேலை. இவ்வளவுக்கும் பிறகு, படைக்காலத்தில் கட்டைவிரலுக்காக இடப்பக்கச் சுவரில் வெட்டிய பள்ளம் அப்படியே இருக்கும். துப்பாக்கி எங்கே பிறந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

கதவு மூடிய ஆண்டு

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்குத் தபால் அனுப்பி, தொலைநோக்கியோடு ஒரு துப்பாக்கி வாங்கினான். இத்தாலியப் படை கழித்துக்கட்டிய கார்கானோ. விலை 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. அந்த நவம்பரில் அதே துப்பாக்கியால் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டபின், அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. அந்நிய நாட்டுப் படைமிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. வேட்டைக்காரர்களும் சிறு பட்டறைக்காரர்களும் முணுமுணுத்தார்கள். ஆனால் கொலைகாரன் கைக்கும் அதே வழியாக, அதே மலிவு விலையில் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

பழைய ஆக்‌ஷன்களின் விலை ஏற இன்னொரு காரணம் ஆலைகளுக்குள்ளேயே இருந்தது. 1964-ல் வின்செஸ்டர் கம்பெனி தன் புகழ்பெற்ற மாடல் 70-ல் செலவைக் குறைக்க மவுசர் கொக்கியைக் கைவிட்டது. கையால் கீறிய கட்டத்துக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கட்டம் வைத்தது. வெறுத்துப்போன ரசிகர்கள் பழைய மவுசர் ஆக்‌ஷன்களைத் தேடி ஓடினார்கள். வரத்து நின்றிருந்த நேரத்தில் தேவை கூடியதால் விலை ஏறியது. 1980-களில் பழம்பொருள் என்ற வகையில் இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்தது. ஆனால் அப்போது சேகரிப்பாளர்களும் வரிசையில் நின்றார்கள்.

இன்று கணக்கு தலைகீழ். எண்கள் பொருந்தி, முத்திரை அழியாமல், மூலக்கட்டையோடு இருக்கும் கே98கே அல்லது ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, 1950-களில் கொட்டகையில் அறுத்து மாற்றியதைவிடப் பல மடங்கு விலை. அன்று அறுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கண்முன் இருந்தது குவியல், வரலாற்றுச் சின்னம் இல்லை. ஆனால் பழைய ஆக்‌ஷனில் துப்பாக்கி கட்டுவது சிக்கனம் என்று இன்று சொல்ல முடியாது. ஆலையில் செய்த புதுத் துப்பாக்கி அந்தக் கூலிக்குள் வந்துவிடும். இப்போதும் கட்டுகிறவர் ஆசைக்காகக் கட்டுகிறார். அப்படிக் கட்டுகிறவருக்கு, ஏற்கெனவே அறுபட்டுப் பாதியில் விட்ட துப்பாக்கிகள் வேண்டிய மட்டும் கிடக்கின்றன. முழுசாக மிஞ்சியிருக்கும் படைத் துப்பாக்கி ஒன்றை இனிமேல் அறுக்க எந்த நியாயமும் இல்லை.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. படையின் .303 தோட்டா குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டதால், படையின் லீ-என்ஃபீல்ட் ஆக்‌ஷனிலேயே .315 என்ற வேறு தோட்டாவுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். இஷாப்பூர் அரசு ஆலையின் அந்த .315 பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)